காய்ச்சலுக்குப் பிறகு ஆளே மாறிப்போகும் குழந்தைகள்: 'பாண்டாஸ்' என்றால் என்ன? தெரபிக்கு எங்கே போவது?

காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகிறது. பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய குழந்தை பாத்ரூமை விட்டு வெளியே வரவில்லை. கை கழுவுகிறது, துடைக்கிறது, மறுபடியும் கழுவுகிறது. தட்டில் சோறு வைத்தால் "இது எச்சிலா? யாராச்சும் தொட்டாங்களா?" என்று பத்து முறை கேட்கிறது. ராத்திரியில் அம்மா பக்கத்து அறைக்குப் போனாலே அலறுகிறது. போன வாரம் வரை இதில் எதுவுமே இல்லை.

'ஒரே ராத்திரியில ஆளே மாறிட்டான்' என்று பெற்றோர் சொல்கிற இந்த நிலைக்கு மருத்துவத்தில் 'பாண்டாஸ்', 'பான்ஸ்' என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. அவை என்ன, டாக்டர்களே ஏன் இதில் ஒரே கருத்துக்கு வரவில்லை, அந்த விவாதம் முடியும் வரை குழந்தைக்கு யார் உதவுவது என்று பார்க்கலாம்.

பெயர் எப்படி வந்தது?

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் சூசன் ஸ்வீடோ என்ற குழந்தை மருத்துவரின் குழு, 'சிடன்ஹாம் கொரியா' பாதித்த குழந்தைகளை ஆராய்ந்து வந்தது. 'குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பாக்டீரியா தொண்டையைத் தாக்கிய பிறகு, சில குழந்தைகளுக்கு கை, கால், முகம் எல்லாம் தன்னிச்சையாக ஆடத் தொடங்கும். அதுதான் சிடன்ஹாம் கொரியா. அந்தக் குழந்தைகள் பலருக்கு ஆட்டத்தோடு சேர்த்து ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் அறிகுறிகளும் இருந்ததை அந்தக் குழு கவனித்தது. வேண்டாத ஒரு எண்ணம் திரும்பத் திரும்ப வருவதும், அந்தப் பயத்தை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும்தான் ஓ.சி.டி.

அப்படியானால் கை, கால் ஆட்டம் இல்லாமல் ஓ.சி.டி. மட்டும் இதே வழியில் வருமா? வரலாம் என்று 50 குழந்தைகளின் விவரங்களோடு 1998-ல் ஸ்வீடோ குழு கட்டுரை வெளியிட்டது. பாண்டாஸ் என்ற பெயர் பரவியது அதிலிருந்துதான். பாக்டீரியாவை அடிக்க உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள், ஆள்மாறாட்டமாக மூளையின் ஆழத்தில் இருக்கும் 'பேசல் கேங்க்லியா' என்ற பகுதியையும் தாக்குகிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம்.

எல்லா குழந்தைக்கும் ஸ்ட்ரெப் தொற்று இருந்ததை நிரூபிக்க முடியவில்லை. அதனால் 2012-ல் வரையறையை விரித்து 'பான்ஸ்' என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள். இதற்குத் தொற்று நிரூபணம் தேவையில்லை. ஓ.சி.டி. அல்லது சாப்பிட மறுப்பது திடீரென, கடுமையாகத் தொடங்கியிருக்க வேண்டும். அதோடு பதற்றம், காரணமில்லாத கோபம், மழலைப் பேச்சுக்குத் திரும்புவது, கையெழுத்து கெட்டுப்போவது, படிப்பில் சரிவு, தூக்கமின்மை, அடிக்கடி சிறுநீர் போவது போன்றவற்றில் குறைந்தது இரண்டு வகை அறிகுறிகளாவது கூடவே இருக்க வேண்டும். வேறு எந்த நோயாலும் இதை விளக்க முடியாது என்று டாக்டர் உறுதி செய்துகொள்ளவும் வேண்டும்.

இதில் முக்கியமான வார்த்தை 'திடீரென'. வழக்கமான ஓ.சி.டி. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். நம் வீடுகளில் ஆரம்பத்தில் அதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். 'எங்க பிள்ளை ரொம்ப சுத்தம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கட்டம் ஒன்று உண்டு. எச்சில், தீட்டு என்று பெரியவர்கள் பேசும் வீட்டில் குழந்தையின் பயமும் அந்தப் பேச்சுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பான்ஸ் வகையில் அப்படி ஒளிய இடமில்லை. எந்தத் தேதியில் தொடங்கியது என்றே பல பெற்றோரால் சொல்லிவிட முடியும். இந்தத் திடீர் மாற்றத்தைப் பார்த்துத்தான் 'காத்து கருப்பு பட்டிருக்கும்' என்று சிலர் மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். கயிறு கட்டுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் டாக்டரிடம் போவது அதனால் ஒரு வாரம்கூட தள்ளிப்போகக் கூடாது.

டாக்டர்களுக்குள் என்ன தகராறு?

தொற்றுக்கும் ஓ.சி.டி.க்கும் தொடர்பே இல்லை என்று இன்று பெரும்பாலானோர் சொல்வதில்லை. டென்மார்க்கில் 10 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில், ஸ்ட்ரெப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த குழந்தைகளுக்கு ஓ.சி.டி. வரும் ஆபத்து மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக இருந்தது. கேட்டதும் திக்கென்றிருக்கும். ஆனால் ஓ.சி.டி.யே சிலருக்கு மட்டும் வருகிற நோய். அந்தச் சின்ன எண்ணிக்கை ஒன்றரை மடங்கு ஆகிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். தொண்டை வலி வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. இன்னொன்று, ஸ்ட்ரெப் அல்லாத தொற்றுகளுக்குப் பிறகும் ஆபத்து கொஞ்சம் கூடியிருந்ததை அதே ஆய்வு காட்டியது.

தகராறு அடுத்த கட்டத்தில்தான். ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு வந்திருப்பது இந்த வகைதான் என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நம் ஊரில் பலரும் எடுக்கும் ஏ.எஸ்.ஓ. டெஸ்ட், சமீபத்தில் ஸ்ட்ரெப் தொற்று வந்துபோனதா என்பதை மட்டும் காட்டும். பள்ளிக்குப் போகிற, நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் அது கூடுதலாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குக் கீழே கோடு போட்டிருந்தால், 'கண்டுபிடிச்சிட்டோம்' என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

சிகிச்சையிலும் இதே நிலைதான். நோய் எதிர்ப்பு அமைப்பைச் சரிசெய்ய ஐ.வி.ஐ.ஜி. என்ற விலை உயர்ந்த ஊசி மருந்தைச் சில மையங்கள் கொடுக்கின்றன. அமெரிக்காவில் 35 குழந்தைகளிடம் நடத்தி 2016-ல் வெளியான சோதனையில், உண்மையான மருந்து பெற்றவர்களுக்கும் மருந்தில்லாத திரவம் பெற்றவர்களுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமி வெளியிட்ட அறிக்கை நடுவழியை எடுத்தது. பான்ஸ் என்ற நிலை இருக்கக்கூடியதுதான், ஆனால் ஆதாரம் இன்னும் போதாது என்பது அதன் சாரம். ஸ்ட்ரெப் தொற்று உறுதியானால் ஆன்டிபயாட்டிக் கொடுத்து முடிக்க வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

இதயத்தையும் பார்க்கச் சொல்வது ஏன்?

அமெரிக்க இணையப் பக்கங்களைப் படித்துவிட்டு வரும் பெற்றோர் இதைத் தவறவிட வாய்ப்பு அதிகம். அங்கே ருமாட்டிக் காய்ச்சல் அபூர்வமாகிவிட்டது. இந்தியாவில் அப்படி இல்லை. அதே ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வுகளைக் கெடுக்கும். அதன் அடையாளங்களில் ஒன்றுதான் சிடன்ஹாம் கொரியா.

அதனால் குழந்தையின் நடத்தை மாற்றத்தோடு கை நழுவிப் பொருளைக் கீழே போடுவது, நாக்கை நீட்டியபடி வைத்திருக்க முடியாமல் போவது, சட்டைப் பட்டன் போடத் தடுமாறுவது, தூங்கும்போது மட்டும் நின்றுவிடுகிற ஆட்டம் ஆகியவை இருந்தால் 'சேட்டை பண்றான்' என்று விடக் கூடாது. முதலில் குழந்தை மருத்துவர், பிறகு எக்கோ பரிசோதனை. ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியானால், 3 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று ஆண்டுக்கணக்கில் போட வேண்டியிருக்கும். இதைக் கவனிக்காமல் நேராக மனநல சிகிச்சைக்கு மட்டும் போனால் இழப்பு பெரியது. வலிப்பு, நினைவு தடுமாற்றம், பேச்சு நின்றுபோவது இருந்தால் அது மூளை அழற்சியாக இருக்கலாம். அதற்கு நரம்பியல் மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

காரணம் தெரியும் வரை தெரபிக்குக் காத்திருக்கணுமா?

வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளலாம். தொற்றால் வந்ததா இல்லையா என்ற கேள்வி டாக்டர்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஓ.சி.டி.க்கு வேலை செய்கிற தெரபி, காரணம் எதுவாக இருந்தாலும் அதேதான். அமெரிக்க அகாடமியின் அறிக்கையும் மனநல அறிகுறிகளுக்கு வழக்கமான, நிரூபிக்கப்பட்ட சிகிச்சையைத் தரச் சொல்கிறது.

அந்தத் தெரபியின் பெயர் ஈ.ஆர்.பி. பயத்தை எதிர்கொள்ள வைத்து, கட்டாயச் செயலைச் செய்யாமல் தடுப்பது. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-ல் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டியதிலிருந்து வளர்ந்த முறை. கேட்க முரட்டுத்தனமாகத் தோன்றலாம். நடப்பது அப்படி இல்லை.

முதலில் தெரபிஸ்ட் குழந்தையோடு சேர்ந்து ஒரு பயப் படிக்கட்டு போடுவார். அம்மா தொட்ட கரண்டியைத் தொடுவதற்குப் பயம் பத்துக்கு 2, செருப்பைத் தொட 5, பஸ் கம்பியைத் தொட 8 என்று குழந்தையே மார்க் போடும். வேலை கீழ்ப்படியில் தொடங்கும். கரண்டியைத் தொட வேண்டும், உடனே கை கழுவாமல் 5 நிமிடம் இருக்க வேண்டும். பயம் முதலில் குப்பென்று ஏறும். கழுவாமலே இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கத் தொடங்கும். 'கழுவாட்டியும் ஒண்ணும் ஆகல' என்று மூளை அனுபவத்தில் கற்றுக்கொள்வதுதான் சிகிச்சை. அறிவுரையால் இது நடக்காது. 'ஒண்ணும் ஆகாதுடா' என்று ஆயிரம் தடவை சொன்னாலும் அந்தக் குழந்தைக்கு அது தெரியும். தெரிந்தும் கையை நிறுத்த முடியாததுதான் நோய்.

பலன் எவ்வளவு? ஓ.சி.டி. உள்ள 112 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2004-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில், தெரபியும் செர்ட்ராலின் மருந்தும் சேர்ந்து பெற்றவர்களில் 53.6 சதவீதம் பேருக்கு நோய் கிட்டத்தட்ட அடங்கியது. தெரபி மட்டும் என்றால் 39.3, மருந்து மட்டும் என்றால் 21.4. வெறும் மாத்திரை பெற்றவர்களில் 3.6. பாண்டாஸ் குழந்தைகளிடம் தனியாகச் செய்த ஆய்வுகள் மிகச் சிறியவை. 2006-ல் வெளியான ஒன்றில் 7 குழந்தைகளுக்கு 3 வாரத்தில் 14 அமர்வுகள் கொடுத்தார்கள், 6 பேருக்குப் பலன் கிடைத்தது. 7 பேரை வைத்து ஊரறியச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் 'தொற்றால் வந்ததுக்கு தெரபி எடுபடாது' என்று சொல்வது சரியில்லை என்பதற்கு அது போதும்.

ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. நோய் உச்சத்தில் இருக்கும் முதல் சில நாட்களில் குழந்தையால் உட்கார்ந்து பேசவே முடியாது. அப்போது பெற்றோருக்கான பயிற்சியோடு தொடங்கிவிட்டு, கொஞ்சம் தணிந்ததும் குழந்தையை உள்ளே கொண்டுவரலாம். மருந்து தேவைப்பட்டால், இந்தக் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்ற வேண்டும் என்று சிகிச்சை வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பக்கவிளைவு இவர்களுக்குச் சீக்கிரம் தெரியும்.

வீட்டில் செய்கிற உதவியே வினையாகும்போது

குழந்தை அழுகிறதே என்று பாட்டி தட்டை மூன்று முறை கழுவிக் கொடுக்கிறார். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் வாசலிலேயே சட்டையை மாற்றுகிறார். 'எச்சில் இல்லடா கண்ணு' என்று அம்மா ஒரு நாளைக்கு ஐம்பது முறை பதில் சொல்கிறார். எல்லாமே பாசத்தில் செய்வது. ஆனால் ஒவ்வொரு முறையும் நோய்க்குத்தான் தீனி போகிறது. தட்டைக் கழுவிக் கொடுத்ததும் பயம் அந்த நிமிடம் தணியும். அடுத்த வேளைக்கு நாலு முறை கழுவச் சொல்லும்.

இதை ஒரே நாளில் நிறுத்துவதும் தப்பு. திட்டுவது, அடிப்பது அதைவிடத் தப்பு. கேள்விக்கு ஐம்பது முறை பதில் சொன்னதை நாற்பதாக, முப்பதாகக் குறைப்பது, குறைக்கப்போவதை முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லிவிடுவது, 'உனக்குப் பயமா இருக்கு, எனக்குப் புரியுது, உன்னால தாங்க முடியும்' என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் இருப்பது என்று படிப்படியாகப் போக வேண்டும். இதில் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது அவசியம். அப்பா நிறுத்தி, தாத்தா தொடர்ந்தால் வேலைக்கு ஆகாது.

யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய 'ஸ்பேஸ்' என்ற முறை முழுக்க இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. குழந்தை தெரபிக்கே வருவதில்லை, பெற்றோருக்கு மட்டும் 12 அமர்வுகள். பதற்ற நோய் உள்ள 124 குழந்தைகளை வைத்து நடந்த ஒப்பீட்டில், குழந்தைக்கு நேரடியாகத் தெரபி கொடுத்ததற்கு இது குறையவில்லை. அறையை விட்டு வெளியே வர மறுக்கும் குழந்தையை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய செய்தி.

தமிழ்நாட்டில் யாரிடம் போவது?

இங்கேதான் உண்மையான தலைவலி. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்கள்தான் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கென்று தனிப் பயிற்சி பெற்றவர்கள் அதிலும் சொற்பம். பெரிய நகரங்களைத் தாண்டினால் ஈ.ஆர்.பி. தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தெரபி என்ற சொல்லே குழப்பம் தரும். ஊருக்கு ஊர் 'தெரபி சென்டர்' போர்டு இருக்கிறது. பெரும்பாலும் அவை ஆட்டிசம், பேச்சுத் தாமதம் போன்றவற்றுக்கான பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி மையங்கள். அவை அந்த வேலைக்கு நல்லவையாக இருக்கலாம், ஓ.சி.டி.க்கு அல்ல. தேட வேண்டியது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ.யின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடலாம்: "சார், ஓ.சி.டி. உள்ள சின்னப் பசங்களைப் பார்த்திருக்கீங்களா? ஈ.ஆர்.பி. செய்வீங்களா? நாங்களும் உள்ள உட்காரலாமா? வீட்டுல செய்ய என்ன பயிற்சி கொடுப்பீங்க?" வாரா வாரம் பேசிவிட்டு அனுப்புவது, மூச்சுப்பயிற்சி மட்டும் கற்றுத் தருவது, 'மைண்டை டைவர்ட் பண்ணுங்க' என்பது ஆகியவைதான் பதிலாக வந்தால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது. பாண்டாஸ் தெரிந்தவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. தொற்று விஷயத்தைக் குழந்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார். தெரபிஸ்டுக்கு ஓ.சி.டி. நன்றாகத் தெரிந்திருந்தால் போதும்.

அரசுத் தரப்பில் முதல் வாசல் 14416. மத்திய அரசின் டெலி-மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. போனிலேயே ஈ.ஆர்.பி. நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அருகில் எங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வழிகாட்டச் சொல்லிக் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த நோய்க்கு வசதி. எக்கோ, தொண்டை டெஸ்ட், மனநல ஆலோசனை எல்லாவற்றுக்கும் வேறு வேறு ஊர் அலைய வேண்டாம். சென்னை சுற்றுவட்டாரத்தில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. கீழ்ப்பாக்கம் பெயரைக் கேட்டதும் தயங்குகிற சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க இது நேரமில்லை.

சிக்கல் கடுமையாக இருந்தால் பெங்களூரு நிமான்ஸ். ஓ.சி.டி.க்கென்றே தனி கிளினிக் அங்கே நடக்கிறது, குழந்தைகள் மனநலத்துக்கும் தனித் துறை உண்டு. ஒரு முறை அங்கே போய் நோயை உறுதிசெய்து சிகிச்சைத் திட்டத்தை எழுதி வாங்கிவந்து, உள்ளூர் சைக்காலஜிஸ்டிடம் தொடர்வதும் ஒரு வழி.

வீடியோ அழைப்பு வழியாகவும் ஈ.ஆர்.பி. செய்யலாம். குழந்தை பயப்படுவது தெரபிஸ்டின் அறையைப் பார்த்து அல்ல, சொந்த வீட்டுப் பாத்ரூமைப் பார்த்து. கேமராவை அங்கேயே வைத்துப் பயிற்சி செய்வது சில நேரம் நேரில் போவதைவிட நல்ல பலன் தரும். தேனியிலோ திருப்பத்தூரிலோ இருக்கும் குடும்பத்துக்குப் பஸ் செலவும் மிச்சம்.

காசு, காப்பீடு, பள்ளிக்கூடம்

உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். வாரம் ஒரு முறை போய்வருகிற தெரபி புறநோயாளி கணக்கில் சேரும், கைக்காசுதான். அதனால் முதல் நாளிலேயே மொத்தம் எத்தனை அமர்வு ஆகும் என்று கேட்டுவிடுவது நல்லது. குழந்தைகளுக்கான ஈ.ஆர்.பி. வழக்கமாக 12 முதல் 20 அமர்வுக்குள் ஒரு கட்டத்தை எட்டும். முடிவே இல்லாமல் இழுத்தால் ஏன் என்று கேட்க உரிமை உண்டு.

பள்ளியில் வகுப்பாசிரியரிடம் மட்டுமாவது சொல்லிவைக்க வேண்டும். அடிக்கடி பாத்ரூம் கேட்பது, எழுதியதை அழித்து அழித்து எழுதுவது, கையெழுத்து கோணுவது எல்லாம் இந்த நோயில் வரும். அதற்கு அடி விழுந்தால் நிலைமை மோசமாகும். டாக்டர் சீட்டோடு ஒரு கடிதம் கொடுத்து, கொஞ்ச நாளைக்குத் தேர்வில் கூடுதல் நேரம், எழுத்து வேலையில் சலுகை கேட்கலாம். குழந்தையை மாதக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருப்பது பதற்றத்தை வளர்க்கும். அரை நாளாவது அனுப்புவது பற்றி தெரபிஸ்டோடு பேச வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர் இரண்டையும் மறுத்தால், 'செத்துடலாம்' என்று குழந்தை சொன்னால், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

இந்த நிலை குறைந்த பிறகும் அடுத்த தொற்றில் மறுபடி தலைகாட்டலாம். ஏறி இறங்குவது இதன் இயல்பு. எந்தத் தேதியில் காய்ச்சல், எந்த டெஸ்ட், என்ன மருந்து, நடவடிக்கை எப்போது மாறியது, எப்போது சரியானது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பெற்றோருக்கு அடுத்த முறை டாக்டர் முன்னால் நினைவைத் துழாவ வேண்டியிருக்காது. பழைய பயப் படிக்கட்டுத் தாளையும் அந்த நோட்டிலேயே செருகி வைக்கலாம். மறுபடி வந்தால் முதல் படியிலிருந்து தொடங்குவதற்கு அது வேண்டும்.